குழந்தையைக் காப்பாற்றும் விமர்சகர்கள்

ஒரு நாவல் எழுதியவனின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று தெரிந்த கணத்திலேயே நம்மில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கும் சக்தி போய்விடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் சரிபார்ப்புதான். வவுச்சரையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் போடுகிற வேலையைத் தினமும் செய்து சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கௌரவமான வேலை. ஆனால் அதற்கு விமர்சனம் என்று பெயரில்லை.

ஜூல் ரெனாரின் ‘புவால் தெ கரோத்’ 1894ல் வந்தது. ஒரு பிரெஞ்சுக் கிராமத்துச் சிறுவனின் கதை. தலைப்புக்குக் காரட் மயிர் என்று பொருள். செம்பட்டை என்றால் நமக்குப் போதும். கடைசியாகப் பிறந்தவனின் தலைமுடியைப் பார்த்துத் தாயே வைத்த பட்டப் பெயர் இது. அண்ணனுக்கு ஃபெலிக்ஸ், அக்காவுக்கு எர்னெஸ்தின் என்று ஞானஸ்நானப் பெயர்கள் புழங்குகிற வீட்டில் இவன் செம்பட்டை மட்டுமே. தகப்பனுக்கு எழுதும் கடிதத்திலும் அதையே கையெழுத்தாகப் போடுகிறான்.

இதைப் ‘படிப்பது’ எப்படி நடக்கிறது? முதலில் நியேவ்ர் பிரதேசத்து ஷித்ரி-லெ-மின் என்ற ஊர். ரெனார் 1864ல் பிறந்தது வேறிடம். இரண்டு வயதில் குடும்பம் இங்கே வந்தது. டிக். லெப்பிக் தம்பதிகள் ரெனாரின் தாய் தகப்பன். டிக். அண்ணன் மோரீஸ், அக்கா அமெலி. டிக், டிக். தகப்பன் 1897ல் வேட்டைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார், தாய் 1909ல் கிணற்றில் விழுந்து செத்தாள், அடுத்த வருஷமே ரெனாரும் போய்விட்டார் என்பவை நாவலுக்குப் பின் நிகழ்ந்தவை. ஆனாலும் அவையும் நாவலுக்குச் சாட்சியாகக் கொண்டுவரப்படுகின்றன. கடைசியில் ஒரு தீர்ப்பு: தாய் குற்றவாளி, குழந்தை பாவம். முன்னுரை முடிந்தது, மாணவன் பரீட்சைக்குத் தயார்.

வாழ்க்கை விவரமே கூடாது என்று பேசுகிற சுத்தக் கலைக் கட்சியில் நான் இல்லை. விவரம் வேண்டும் என்றால் சரியான விவரத்தை எடுங்கள் என்கிறேன். 1889ல் ரெனார் தன் இளம் மனைவியை ஷித்ரிக்கு அழைத்துப் போகிறார். தன் தாய் அவளை நடத்தின விதம்தான் இந்தப் புத்தகத்தை எழுதத் தூண்டியது என்பது அவர் நாட்குறிப்பிலிருந்தே தெரிகிறது. அதாவது, பால்ய ஞாபகங்கள் தாமாகப் பொங்கி வழிந்து நாவலாகவில்லை. இருபத்தைந்து வயது ஆள் ஒருவன், புருஷன் என்ற நிலையில், இன்றைய கோபத்தோடு பழைய வீட்டுக்குள் நுழைகிறான். 1890லேயே ஒரு தொகுப்பில் செம்பட்டைத் துண்டுகள் சில வந்துவிட்டன. அடுத்த நாலு வருஷம் அவற்றைச் செதுக்குவதில் போகிறது. எழுதுவது குழந்தை அல்ல. இந்த ஒரு உண்மையை மனசில் வாங்கிக்கொண்டால் ‘குழந்தையின் அப்பாவிக் கண்கள் வழியே’ என்ற அந்தச் சாகாவரம் பெற்ற சொற்றொடரை எழுதக் கை கூசும்.

அதோடு, இந்தச் சுயசரிதை நாவலில் ‘நான்’ கிடையாது. ஜூல் வாலேஸின் ‘குழந்தை’ (1879) இதற்கு முந்தியது. லெ புய் ஊர்க்காரர், பாரீஸ் கம்யூனில் பங்கெடுத்து லண்டனில் தலைமறைவாக இருந்துகொண்டு எழுதினார். அதிலும் அடிக்கிற தாய்தான். ஆனால் வாலேஸ் ‘நான்’ என்று பேசுகிறார். வீட்டில் அடிபட்டவர்களுக்கும் பள்ளியில் வதைபட்டவர்களுக்கும் புத்தகத்தைச் சமர்ப்பிக்கிறார். அது ஒரு கட்சியின் குரல், வழக்காடும் குரல், அந்தத் தளத்தில் மகத்தான குரல். ரெனாரோ வழக்கே தொடுப்பதில்லை. ‘அவன்’ என்று எழுதுகிறார். பல இடங்களில் அந்த ‘அவன்’கூடப் போய், நாடகத்தில்போலப் பெயரும் பேச்சும் மட்டும் மிஞ்சுகின்றன. நான் படித்தது இங்கிலீஷ் வழியாகத்தான். அதிலும் அந்த வறட்சி தப்பிப் பிழைத்திருக்கிறது. தன்னையே படர்க்கையில் நிறுத்தியதன் காரணம் என்ன என்று கேட்பதுதான் இந்த நாவலைப் படிப்பதன் ஆரம்பம்.

கோழிகள் அத்தியாயத்தை எல்லோருக்கும் தெரியும், அது முதல் அத்தியாயம் என்பதால். கோழிக்கூட்டை மூட மறந்தாயிற்று. ராத்திரி. அண்ணன் மறுக்கிறான், அக்கா மறுக்கிறாள், செம்பட்டை நடுங்கிக்கொண்டே போய் மூடிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துத் திரும்புகிறான். இனி தினமும் நீயே மூடு என்று தாய் சொல்லிவிடுகிறாள். இங்கே எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். சரி. அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள். தகப்பன் வேட்டையிலிருந்து கௌதாரிகளோடு வருகிறார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உத்தியோகம்: ஃபெலிக்ஸ் சிலேட்டில் கணக்கெழுதுகிறான் (எங்கள் ஜாதி), எர்னெஸ்தின் இறகு பறிக்கிறாள், உயிர் மிச்சமிருக்கிற பறவைகளைக் கொல்வது செம்பட்டையின் பொறுப்பு. கல் நெஞ்சுக்காரன் என்று வீட்டில் பெயர் எடுத்திருப்பதால் இந்தச் சலுகை. அவன் கொல்கிறான். சரியாகக் கொல்ல வராமல், ஆத்திரத்தில், அவசியத்துக்கு மேல் கொல்கிறான். பார்த்துக்கொண்டிருக்கிற மற்ற இருவருக்கும் தங்கள் அபிப்பிராயம் ஊர்ஜிதமாகிறது.

உச்சுக் கொட்டியவர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்? வேகமாகப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். இன்னும் இருக்கிறது. வழியில் அகப்பட்ட அகழெலியை அவன் கல்லில் மோதிச் சாகடிக்கிறான். அது சாகாததுபோல வயிறு துடிக்க, அழுதுகொண்டே திட்டிக்கொண்டே மறுபடி அடிக்கிறான். நண்டு பிடிக்கப் பூனைக் கறிதான் உசத்தி என்று கேள்விப்பட்டு, கிழட்டுப் பூனை ஒன்றுக்குப் பால் வைத்துக் கூப்பிட்டு, அது குடித்துக்கொண்டிருக்கும்போது சுடுகிறான். ஒனோரின் என்ற வேலைக்காரிக்கு அறுபத்தேழு வயது. எஜமானி அவளை வெளியே அனுப்பக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது இவனுக்குத் தெரியும். அடுப்பில் எப்போதும் தொங்கும் பாத்திரத்தை அவளறியாமல் எடுத்துவிடுகிறான். கிழவி வழக்கம்போல் பார்க்காமலே தண்ணீரை ஊற்ற, அது நெருப்பில் விழுகிறது. கண்ணும் போய்விட்டது என்று வேலை போகிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்து, சொல்லாமல் இருந்துவிடுகிறான். ஊருக்குத் தெரியாத இந்தத் துரோகத்துக்கு ரெனார் தண்டனையும் தரவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

அடிபட்ட குழந்தையைக் குற்றவாளியாக்குகிறாயா என்று கேட்பார்கள். கேட்கட்டும். குற்றவாளியாக்குவது என் வேலையில்லை, ரெனாரும் அதைச் செய்யவில்லை. அவர் பார்த்தது வேறு. அந்த வீட்டில் அன்புக்கு ஏது நாணயம் என்று பையன் கண்டுபிடித்துவிட்டான். பறவையைக் கொன்றால் தகப்பன் பக்கம் ஒரு அடி நகரலாம். கிழவியை வெளியே தள்ளினால் தாய் பக்கம் ஒரு அடி. கொடுமை அவன்மேல் பாய்வதோடு நிற்காமல் அவனுள் புகுந்து, அவனுடைய கையால் இன்னும் எளியதின்மேல் இறங்குகிறது. விடுதிப் பள்ளியில் இன்னொரு பையனிடம் மட்டும் பிரியம் காட்டிய கண்காணிப்பாளரைக் காட்டிக்கொடுத்து வேலையை விட்டே அனுப்பியபின், அவர் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்து, தன்னை ஏன் கொஞ்சவில்லை என்று கத்துகிறானே, அதில் பொறாமை எது, ஏக்கம் எது என்று பிரித்து அட்டவணை போட்டுத் தரட்டும் நம் பேராசிரியர்கள். குழந்தையைக் களங்கமற்றதாக்கிக் காப்பாற்றுகிறவன், ரெனார் கண்டதை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாழ்த்து அட்டையை ஒட்டுகிறான். படர்க்கைக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ‘நான்’ என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அல்லது நியாயம் சொல்ல வேண்டும். ‘அவன்’ என்றால் பார்க்கலாம்.

அடுத்து இந்தக் ‘கிராமத்துப் பால்யம்’. கிராமம் என்றதும் இழந்த சொர்க்கம் என்று சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மார்செல் பாஞோல் 1957ல் வெளியிட்ட ‘என் தகப்பனாரின் பெருமை’யில் அந்தச் சொர்க்கம் இருக்கிறது: ப்ரொவான்ஸ் மலைகள், விடுமுறை, வாத்தியார் தகப்பன் முதல் தடவையாகத் துப்பாக்கி பிடித்து வீழ்த்திய இரண்டு மலைக் கௌதாரிகளை உயரத் தூக்கிக் காட்டும் சிறுவன். அங்கேயும் கௌதாரி, இங்கேயும் கௌதாரி. அங்கே அது தகப்பனின் கிரீடம், இங்கே மகன் கழுத்தைத் திருகவேண்டிய வேலை. பாஞோல் கெட்ட எழுத்தாளர் அல்ல, ஆனால் அறுபது வயதில் இருந்துகொண்டு தனக்கு வேண்டிய பால்யத்தைத் தானே சமைத்துக்கொண்ட ஆள். இரண்டையும் ‘கிராமியச் சுயசரிதை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் கட்டுகிறவர்களுக்குக் கௌதாரி மட்டும்தான் கண்ணில் படுகிறது போலும்.

தவிர, லெப்பிக் குடும்பம் குடியானவக் குடும்பமும் அல்ல. வேலைக்காரி உண்டு, வேட்டை உண்டு, மகன்களுக்கு விடுதிப் பள்ளி உண்டு. வயலில் முதுகு வளைத்தவனின் வாழ்க்கை வேண்டுமானால், இக்ராந்த் ஊரில் தானே உழுதுகொண்டிருந்த எமில் கியோமேனின் ‘ஓர் எளியவனின் வாழ்க்கை’யை (1904) எடுக்க வேண்டும், வாரக் குடியானவன் ஒருவனின் ஆயுள் அது. ரெனாருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. 1904ல் அதே ஷித்ரிக்கு மேயரானவர், 1908ல் ‘ரகோத்’தில் தன் வேலைக்காரக் குடும்பத்தைப்பற்றியே எழுதினார். ஒனோரின் விஷயத்தில் செம்பட்டை வாய் திறக்காமலிருந்த இடத்துக்கு அவர் திரும்பத் திரும்பப் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரெஞ்சுப் பள்ளிகளில் இதைப் பல தலைமுறைகளாகப் படிக்கிறார்கள். அத்தியாயங்கள் குட்டியானவை, ஒன்றுக்கொன்று கதைத் தொடர்ச்சி குறைவு. பிய்த்துப் பாடமாக வைக்க வசதி. சினிமா இன்னும் தாராளம்: ஜூலியென் துவிவியேயின் 1932 படத்தில் பையன் தூக்குப் போட்டுக்கொள்ளப் போக, தகப்பன் ஓடிவந்து காப்பாற்றுகிறார். நாவலின் தகப்பன் அப்படி ஓடுகிற ஆள் இல்லை. தாயைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று மகன் கடைசியில் வாய்விட்டுச் சொல்லும்போது, எனக்கு மட்டும் பிடிக்கிறதா என்ற அளவில் ஒரு பதில் வருகிறது. பையனுக்கு அதில் ஒரு கணம் சந்தோஷம். அவ்வளவுதான். அதை அணைப்பு என்று பொழிப்புரை எழுதுகிறவர்களை என்ன செய்வது?

நாவலில் கடித அத்தியாயம் ஒன்று உண்டு. அதைப்பற்றி எந்த முன்னுரையும் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. விடுதியிலிருந்து மகன் எழுதிய ஒரு கடிதம் புரியவில்லை என்று தகப்பன் பதில் போடுகிறார்: வழக்கமான நடையாக இல்லை, விஷயம் விசித்திரமாக இருக்கிறது, பெரிய எழுத்துகள் கண்ட இடத்திலெல்லாம் இருக்கின்றன, கேலி செய்கிறாயா. மகன் அவசரமாக இரண்டு வரி எழுதுகிறான். அந்தக் கடிதம் கவிதையாக எழுதப்பட்டது, அப்பா அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கவிதையை ரெனார் நமக்குக் காட்டவில்லை.