தலைமைத்துவத்துக்கும் ஒரு டிகிரியோ?

கன நாளைக்குப் பிறகு ஒரு பதிவு. பேர்கனில வழமை போல மழை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினா அதுவே நாலு பதிவு வரும், விடுவம்.

விசயம் இதுதான். 'தலைமைத்துவமும் சமூக ஈடுபாடும்' எண்ட மாதிரித் தலைப்பில சில நாடுகளில இளமாணிப் பட்டம் குடுக்கினம். இஞ்ச ஒரு தமிழ் வீட்டில பிள்ளை அப்பிடி ஒண்டைப் படிக்கப் போறன் எண்டு வாய் திறந்தா போதும். "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" எண்டு ஒரு குரல். "தலைவராகிறதுக்கும் சேர்டிபிக்கேட்டோ?" எண்டு சோபாவில இருந்து இன்னொரு குரல். ரெண்டாவது கேள்வியில கொஞ்சம் நியாயம் இருக்கு எண்டுதான் நானும் நினைக்கிறன். ஆனா அதைக் கேக்கிறவையில பாதிப்பேர் ஏதோ ஒரு சங்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருசமாத் தலைவரா இருக்கிறவை. அதுதான் என்னை எழுத வைச்சது.

இது நேற்று வந்த பாஷன் இல்லை. அமெரிக்காவில ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில ஜெப்சன் எண்டு ஒரு தனிப் பிரிவு, தலைமைத்துவக் கல்விக்கெண்டே 1992இல தொடங்கினது. மெய்யியல், வரலாறு, உளவியல், அரசியல் எல்லாத்தையும் கலந்து படிப்பிக்கினம். வெளியில ஓரிடத்தில போய் வேலை பழகவும் வேணும். அதுக்குக் கன காலம் முதலே தமிழ்நாட்டில காந்திகிராமம் இருக்கு. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல தொடங்கின இடம். 1956இல கிராமிய உயர்கல்வி நிறுவனமாகி, 1976இல நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர் ஊருக்குள்ள போய்த் தங்கி வேலை செய்யிறது அங்க படிப்பிலயே ஒரு பகுதி. வாசலில 'தலைமைத்துவம்' எண்டு போர்டு இல்லை, அவ்வளவுதான்.

நோர்வேயில எப்பிடி? பேர்கன் பல்கலைக்கழகத்தில இதுக்குக் கிட்ட வாற படிப்பு, நிர்வாகமும் அமைப்புகளும் பற்றினது. நல்ல படிப்பு. ஆனா நோர்வேக்காரர் கூட்டம் நடத்தப் பழகிற இடம் வகுப்பறை இல்லை. அதில ஒரு இடம் எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்சது, தெரிஞ்சும் கவனிக்காமல் விட்டது.

நோர்வேக்கு வந்த முதல் தமிழர் எண்டு சொல்லப்படுறவர் குருநகர் அன்ரனி இராஜேந்திரம். 1956இல வந்தவர். மீன்பிடித் தொழிலை இஞ்ச பழகி, நோர்வேக்காரரிட்ட உதவி திரட்டி, 1967இல சீநோர் நிறுவனத்தைத் தொடக்கினவர். குருநகர் வலைத் தொழிற்சாலை, காரைநகர் படகுத் தொழிற்சாலை எண்டா ஊரில எங்கட அப்பா அம்மா வயசுக்காரருக்கு உடன விளங்கும். பிறகு 1975இல நோர்வே வேலைக்கு ஆள் வாறதை நிப்பாட்டிப் போட்டுது. படிக்க வாற கதவு மட்டும் திறந்து கிடந்தது. அந்தக் கதவால, சீநோர் மூலமா வந்த தொடர்புகளைப் பிடிச்சு, எங்கட பெடியள் கனபேர் வந்து சேந்தது 'ஃபோல்க்கஹொய்ஸ்கூல' எண்ட மக்கள் பள்ளிகளுக்கு.

அந்தப் பள்ளிகளில சோதினை இல்லை, புள்ளி இல்லை. ஒரு வருசம் எல்லாரும் ஒண்டாத் தங்கி, சமைச்சு, பாடி, விவாதிச்சு, கூட்டம் வைச்சு வாழுறதுதான் படிப்பு. குருண்ட்விக் எண்ட டென்மார்க் பாதிரியாரின்ர யோசனை. முதல் பள்ளி 1844இல டென்மார்க்கில றூடிங் எண்ட ஊரில, நோர்வேயில 1864இல ஹாமாரில. கமக்காரப் பிள்ளையள் நாட்டு நடப்பை விளங்கி, எழும்பி நிண்டு கதைக்கப் பழகவேணும் எண்டதுதான் நோக்கம். எங்கட ஆக்கள் கனபேருக்கு அது விசாவும் மொழியும் கிடைச்ச இடம். அதில குறை சொல்ல ஒண்டுமில்லை, ஊர் அப்ப எரிஞ்சுகொண்டிருந்தது. பிறகு வடக்கில மீன் தொழிற்சாலை, இரவு வேலை, ஊருக்குக் காசு. தலைமைத்துவப் பள்ளிக்கூடத்துக்குள்ளாலதான் வந்தம் எண்டதை ஆரும் யோசிக்கிற நிலைமையில இருக்கேல்லை.

இனிப் பேர்கனுக்கு வருவம். நகர நடுவில 'அக்கடமிஸ்க க்வார்த்தர்' எண்டு மாணவர் கலாசார இல்லம் ஒண்டு 1995இல திறந்தது. இசை நிகழ்ச்சி, விவாதம், பார், ஒலி, ஒளி எல்லாத்தையும் சம்பளமில்லாமல் மாணவர்தான் நடத்தினம். பல்கலைக்கழக நிர்வாக சபையில 11 பேர் எண்டா அதில ரெண்டு பேர் மாணவர். வடிவுக்கு இருத்தி வைச்ச ஆக்கள் இல்லை, வாக்குரிமை இருக்கு.

இதுகளில எனக்கு ஆகப் பிடிச்சது ரெண்டே ரெண்டு சின்ன விசயம். ஒண்டு 'வால்க்கொமித்தே'. அடுத்த வருசம் ஆர் ஆர் பொறுப்புக்கு வரலாம் எண்டு தேடித் தேடி ஆள் கேக்கிறதுக்கெண்டே ஒரு குழு. இருக்கிற தலைவர் தனக்குப் பிறகு ஆர் எண்டு தானே முடிவெடுக்கிற கதை இல்லை. மற்றது 'எர்ஃபாரிங்ஸ்ஸ்க்ரிவ்', அனுபவக் குறிப்பு எண்டு சொல்லலாம். பதவி விட்டுப் போறவர் தான் என்ன செய்தவர், எது சரிவரேல்லை, மண்டபத் திறப்பு ஆரிட்ட, எந்தக் கடைக்காரன் கழிவு தருவான் எண்டு எல்லாத்தையும் எழுதி வைச்சிட்டுப் போகவேணும். இருபத்தொரு வயசுப் பெட்டை ஒருத்தி எழுதின பன்னிரண்டு பக்கக் குறிப்பு ஒண்டை வாசிச்சிருக்கிறன். அதில ஒரு பக்கம் முழுக்கக் கோப்பி மெசினைப் பற்றி. சிரிக்காதேங்கோ, அடுத்த வருசம் வந்தவ கோப்பி போடுறதுக்குக் கஸ்டப்படேல்லை :)

எங்கட பக்கத்தில? பேர் சொல்லேல்லை. ஒரு சங்கத்துப் பொதுக்கூட்டத்தில கணக்கறிக்கையின்ர பிரதி கேட்ட பிள்ளைக்குக் கிடைச்ச பதில், "நீ நேற்றுப் பிறந்தனி." கூட்டக் குறிப்பு செயலாளரின்ர வீட்டுக் கணினியில. கணினி பழுதாப் போனா சங்கத்தின்ர வரலாறும் பழுது. 'இளையோருக்கு இடம் குடுக்கவேணும்' எண்டு ஒவ்வொரு வருசமும் மேடையில பேச்சு நடக்கும். அதே இளையோர் அந்த நேரம் பின்னால நிண்டு கதிரை அடுக்கிக் கொண்டிருக்கும்.

கம்சாயினி குணரத்தினத்தைப் பற்றி எல்லாருக்கும் பெருமைதான். யாழ்ப்பாணத்தில பிறந்து மூண்டு வயசில இஞ்ச வந்தவர். 2007இல, 19 வயசில ஒஸ்லோ மாநகரசபைக்குத் தெரிவானவர். 2011 யூலை 22இல ஊட்டோயா தீவில நடந்த படுகொலையில நீந்தித் தப்பினவர். 2015இல ஒஸ்லோவின்ர துணை மேயர், 2021இல பாராளுமன்றம். அவர் வளந்தது தொழிற்கட்சியின்ர இளைஞர் அணிக்குள்ள. அந்த அணியில 19 வயசெண்டா வேட்பாளர் ஆகலாம். எங்கட சங்கமொண்டில 19 வயசுக்கு நாங்கள் என்ன குடுத்திருப்பம்? வரவேற்பு நடனமும், கூடிப்போனா அறிவிப்பாளர் வேலையும்.

ஆனா இது எங்கட ரத்தத்தில இல்லாத பழக்கம் எண்டு ஆரும் சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். யாழ்ப்பாணத்தில 1924இல மாணவர் காங்கிரஸ் எண்டு தொடங்கினது, பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹண்டி பேரின்பநாயகத்தின்ர ஆக்கள். 1927இல காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைச்சவை, சாதி பாத்து இருத்துறதை எதிர்த்துக் கதைச்சவை, 1931இல அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஸ்கரிக்க வைச்சவை. அந்தப் பகிஸ்கரிப்புச் சரியோ பிழையோ எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கலாம். ஆனா படிச்சு முடிச்ச கையோட அதை நடத்தினவைக்கு, "நீ நேற்றுப் பிறந்தனி" எண்டு சொல்லுறதுக்குப் பெருசுகள் கொஞ்சம் யோசிச்சிருப்பினம்.

சரி, டிகிரி படிக்கலாமோ கூடாதோ? என்ர கருத்து: படிக்கலாம், ஆனா பேரைப் பாத்துச் சேரக்கூடாது. 'ஆளுமை', 'தொலைநோக்கு' எண்டு வகுப்பறைக்குள்ளயே மூண்டு வருசம் ஓடுற படிப்பெண்டா அந்தக் காசுக்கு வேற ஏதும் படிக்கலாம். பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கோ. உண்மையான ஒரு சங்கத்திலயோ ஊரவை கூடுற இடத்திலயோ எத்தினை கிழமை வேலை? வரவு செலவுத் திட்டம் போடப் பழக்குவினமோ? வாக்கெடுப்பில தோத்த பிறகும் அடுத்த கூட்டத்துக்கு வாறதெப்பிடி எண்டதைப் பிள்ளை எங்கயாவது அனுபவிக்குமோ? பொறுப்பைக் கைமாத்திக் குடுக்கிறதும் ஒரு பாடமா இருக்கோ? என்னைக் கேட்டா கடைசிக் கேள்விதான் முக்கியம். பதவிக்கு வாறது எங்கட ஆக்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. இறங்கிறதைத்தான் படிப்பிக்க வேணும், அதுக்கு டிகிரி தேவையெண்டா டிகிரியே இருக்கட்டும்.

வேலை பற்றிக் கேக்கிற அம்மாமாருக்கும் ஒரு வரி. நோர்வேயில வேலை குடுக்கிறவை பட்டத்தின்ர பேரைப் பாத்து உடன விளங்கிக் கொள்ளுறது 'சூசியோனும்' மாதிரியான படிப்புகளைத்தான். சமூகப்பணி இளமாணி, மூண்டு வருசம், களப்பயிற்சி கட்டாயம். மனிசரோட வேலை செய்ய விரும்புற பிள்ளை அதை எடுத்து, பின்னேரத்தில ஏதாவது ஒரு மாணவர் அமைப்பில பொறுப்பு எடுத்தா ரெண்டும் கிடைக்கும். ஊரில இருந்து இதுக்கெண்டு நோர்வே வர யோசிக்கிறவை ஒண்டைக் கவனியுங்கோ. 2023 இலையுதிர் காலத்தில இருந்து ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வாற மாணவருக்கு அரச பல்கலைக்கழகங்களிலயும் கட்டணம் இருக்கு. இலவசக் கல்வி எண்டு பழைய பதிவுகளில கிடக்கிறதை நம்பி வெளிக்கிடாதேங்கோ.

இனி உங்கட பக்கம். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் ஆக்களே, உங்கட ஊர்ச் சங்கத்து யாப்பில தலைவர் எத்தினை வருசம் இருக்கலாம் எண்டு எழுதிக் கிடக்கோ? யாப்பைக் கண்ணால கண்டிருக்கிறியளோ? பின்னூட்டத்தில சொல்லுங்கோ. சங்கத்தின்ர பேர் வேண்டாம், வருசக் கணக்கு மட்டும் காணும்.