முட்டைப் பந்தும் விழுங்கப்பட்ட பாடவேளையும்

இலக்கணப் பயிற்சியையோ கட்டுரைக் குறிப்பையோ எதிர்பார்த்து வந்த ஆசிரியர்களும் பெற்றோரும் இன்று என்னைப் பொறுத்தருள வேண்டும். இன்றைய பதிவு ரக்பி ஆட்டத்தைப் பற்றியது. ஆம், முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதே ஆட்டம்தான்.

சென்ற மாதம் பள்ளித் திடலில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பந்தைக் கொடுத்து ஓடவிட்டேன். மகனை அழைத்துச் செல்ல வந்த தந்தை ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "சார், இது மலாய்க்காரங்க ஆட்டமாச்சே, நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேள்வி மேல் மிகுந்த வருத்தம் உண்டு. அதனோடுதான் இன்று மல்லுக்கட்டப் போகிறேன்.

முதலில் என் பைத்தியம் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். 2003 நவம்பர் 22. சிட்னியில் ரக்பி உலகக் கிண்ண இறுதியாட்டம். அப்போது நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். பாரிட் புந்தாரில் மலாய்த் தோழன் ஒருவனின் வீட்டில் அமர்ந்து பார்த்தேன். நோன்பு மாதம். ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் சமநிலையில் நின்று, கூடுதல் நேரத்துக்குச் சென்றன. நோன்பு திறக்கும் நேரம் வந்தும் தோழனின் கையிலிருந்த பேரீச்சம்பழம் வாய்க்குப் போகவில்லை. கடைசி நிமிடத்தில் ஜானி வில்கின்சன், தமக்கு வாகான இடக்காலை விட்டுவிட்டு வலக்காலால் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினார். 20க்கு 17. அன்று நான் ஆஸ்திரேலியாவின் பக்கம், தோற்றேன். தோற்ற அணியின் மேல் வரும் காதல் எளிதில் போகாது என்பதை அனுபவித்தவர் அறிவர்.

அன்று முதல் ஆஸ்திரேலியர் ஆடும் அனைத்தையும் பார்த்து வருகிறேன். பதினைந்து பேர் ஆடும் ரக்பி ஒன்று, பதின்மூவர் ஆடும் ரக்பி மற்றொன்று. இரண்டும் ஒன்றுதானே என்று அந்நாட்டாரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கே உரிய காற்பந்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர். ஆடுகளமோ வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நடுக்கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி. குறி தவறிப் பக்கத்து இடைவெளியில் போனாலும் 1 புள்ளி. முயன்று தவறியவனுக்கும் மதிப்பெண் தரும் அந்த விதியை எழுதியவர், முற்பிறவியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்திருக்க வேண்டும்.

இனி, அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். ரக்பி யாருடைய ஆட்டம்? 1921இல் 'மலாயா' என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் இந்நாட்டுக்கு இரண்டு கிண்ணங்களை அன்பளித்தார்கள். ஒன்று காற்பந்துக்கு, அதுவே பின்னர் மலேசியக் கிண்ணப் போட்டியாயிற்று. மற்றொன்று ரக்பிக்கு. அக்காலத்தில் அது துரைமார் ஆட்டம். இலங்கையின் மலையகத்திலும் தேயிலைத் தோட்டத் துரைமார் தங்கள் மன்றத் திடல்களில் அதைத்தான் ஆடினார்கள். கொழுந்து பறித்த நம்மவர், திடலுக்கு வெளியே. இன்னொரு வேடிக்கை: 1878இல் கல்கத்தா ரக்பி மன்றம் கலைக்கப்பட்டபோது, வங்கியிலிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கிண்ணம் ஒன்று செய்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காகவே ஆண்டுதோறும் மோதுகின்றன. வெள்ளி இங்கிருந்து போனது. ஆட்டம் மட்டும் நமக்கு அந்நியமாம்!

துரைமாரிடமிருந்து கோலா கங்சார் மலாய்க் கல்லூரி போன்ற விடுதிப் பள்ளிகளின் கைக்கு வந்து மலாய் மாணவர்களின் ஆட்டமாக மாற முடிந்த ஒன்று, பண்டார் பாருவின் செம்பனைகளுக்கிடையே இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் வர முடியாதா? எந்த இனம் எதை ஆட வேண்டும் என்று கோடு கிழித்தவர் யார்? 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் போய்ச் சேர்ந்த பிஜித் தீவிலும் இதே கோடு உண்டு. அங்கே காற்பந்து இந்திய வம்சாவளியினருக்கு, ரக்பி பூர்வகுடியினருக்கு என்று வழக்கமாகிவிட்டது. அதே பிஜி, 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் தன் முதல் தங்கத்தை வென்றது; அந்தக் களிப்பில் 7 டாலர் பணத்தாளையே அச்சடித்தது.

எழுவர் என்றேன் அல்லவா, என் வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. இரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை என்னவென்று உங்களுக்கே தெரியும். பதினொருவர் கொண்ட காற்பந்தாட்டக் குழுவுக்கு ஆள் சேர்க்க மூன்றாம் ஆண்டுச் சிறுவன்வரை கெஞ்ச வேண்டியிருக்கிறது. கபடிக்கு ஏழு பேர், பெண்பிள்ளைகளின் வலைப்பந்துக்கு ஏழு பேர், எழுவர் ரக்பிக்கும் ஏழு பேர். ஒரு பாதி ஏழே நிமிடம். சிறிய பள்ளிகளுக்கென்றே அளந்து தைத்த சட்டை! கபடி தெரிந்த பிள்ளைக்கு எதிராளியை மடக்கிப் பிடிப்பதைப் புதிதாய்க் கற்பிக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் இறுதியில் மெல்பர்னில் ஆஸ்திரேலியக் காற்பந்தின் முன்னாள் வீரர்கள் கபடிக் களத்தில் இறங்கினார்கள். அவர்கள் நம் ஆட்டத்துக்கு வரக் கூசவில்லை.

அடிபடுமே என்பீர்கள். நியாயமான அச்சம். தலையில் படும் அடியின் தீங்கை மேனாட்டு வீரர்கள் பலர் இன்று அனுபவிக்கிறார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். ஆகவே நான் கற்பிப்பது நாடா ரக்பி. இடுப்பின் இருபுறமும் துணி நாடா தொங்கும். அதைப் பிடுங்கினால் பிடித்ததாகக் கணக்கு. மோதல் கிடையாது. நடுவரிடம் வாதாடும் பழக்கம் அந்த ஆட்டத்தில் இல்லை என்பது ஆசிரியனான எனக்குக் கூடுதல் இன்பம். காற்பந்தில் காற்றுப் பட்டாலே உருண்டு புரளும் நடிகர் திலகங்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

படிப்புக் கெடுமே என்பது அடுத்த கணை. அதற்கு மறுமொழி டாக்டர் மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார், மருத்துவரும் ஆனார்.

உண்மையில், படிப்பை விளையாட்டு கெடுக்கவில்லை. படிப்பின் பெயரால் விளையாட்டை நாம்தான் கொன்றோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில் உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்குப் போயிற்று, அறிவியலுக்குப் போயிற்று, கட்டுரைக்கும் போயிற்று. கட்டுரைக்கு எடுத்துக்கொண்டவன் நானே, மறுக்கவில்லை. "இன்றைக்கும் திடல் இல்லையா, சார்?" என்று ஒரு சிறுமி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. 2021இல் அந்தத் தேர்வையே ஒழித்துவிட்டார்கள். எடுத்த பாடவேளையை நாம் திருப்பிக் கொடுத்தோமா? மழை, வெயில், ஒத்திகை, கூட்டம் என்று காரணத்துக்குக் குறைவில்லை. 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை 2011இல் வந்தது. பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. திடலில் இருக்கிறதா என்பதை ஆசிரிய நண்பர்கள் தத்தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கால அட்டவணையை எடுத்து, இந்த வாரம் உடற்கல்விக்கு எத்தனை முறை வெளியே போனாய் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். விடை பிடிக்காவிட்டால் பள்ளிக்கு வந்து கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.

நம் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால், வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திடலில் இருப்பேன். பெண்பிள்ளைகளும் வரலாம். தொப்பியும் குடிநீரும் மறவாதீர்கள். நாடாக்கள்தாம் பற்றவில்லை, கிழித்தாலும் பரவாயில்லை என்னும்படியான பழைய சேலை வீட்டில் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அணி பிரிக்க வசதியாயிருக்கும்.