செங்கற்பட்டு மறந்த பெயர்

செங்கற்பட்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன யாவை? பழைய கோட்டை, கொளவாய் ஏரி, இருப்புப் பாதைச் சந்திப்பு, அங்கிருந்து கிழக்கே சென்றால் மாமல்லபுரத்துக் கற்கோயில்கள். இவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய பெயர் ஒன்று உண்டு. 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் இவ்வூரில் பிறந்து, இந்தித் திரையுலகின் முன்னணி நடிகையாக உயர்ந்து, 2023இல் தாதா சாகிப் பால்கே விருதைப் பெற்ற வஹீதா ரஹ்மான் அவர்களின் பெயரே அது.

அவர் ஐதராபாத்தில் பிறந்தவர் என்று பலர் நெடுங்காலம் எழுதி வந்தனர். எழுதியவர்களைக் கடிந்து பயன் இல்லை. பெற்ற ஊர் வாய் திறவாதபோது, பிள்ளை யாருடையது என்று வழிப்போக்கனா வந்து சொல்வான்? குற்றம் நம்முடையது. செங்கற்பட்டாரும் அவரைத் தம்மவர் என்று சொல்லவில்லை. தமிழக முஸ்லிம் சமுதாயமும் சொல்லவில்லை. இந்த மௌனம் தற்செயலாக நேர்ந்ததன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

“நடிகை ஒருத்தியின் வாழ்க்கைக்குச் சமுதாய ஏட்டில் என்ன வேலை?” என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். முகமது ரஃபியின் குரலைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுகிறோம். திலீப்குமார் நம்மவர் என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். 2009இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றபோது ஊரெல்லாம் இனிப்பு வழங்காத குறைதான். அப்போது திரையுலகம் ஆகாத இடமாக நமக்குத் தோன்றவில்லை. அதே திரையுலகில் அதே உயரத்தை ஒரு பெண் எட்டினால் மட்டும் நமக்கு நாணம் வந்துவிடுகிறது. இது மார்க்கப் பற்றினால் வந்த நாணமானால் ஆணுக்கும் வந்திருக்க வேண்டும். வராததால், இதற்கு வேறு பெயர்தான் இட வேண்டும்.

வஹீதா அம்மையாரின் வாழ்வு எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தையார் அப்துர் ரஹ்மான் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவர். பணி மாற்றத்தின் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. நான்கு பெண்மக்களில் இளையவர் வஹீதா. மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. தந்தையின் மறைவு அக்கனவைக் கலைத்தது. தாயோடு வாழ்ந்த அந்த இளம்பெண்ணுக்குத் துணையாக இருந்தது, தாம் பயின்ற பரதநாட்டியமே.

அந்த நாட்டியமும் எளிதில் கிடைத்ததன்று. சென்னையில் திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயிலச் சென்றபோது, முஸ்லிம் சிறுமிக்குக் கற்பிக்க அவர் முதலில் இசையவில்லை; ஜாதகம் கேட்டார். ஜாதகம் கணிக்கும் வழக்கம் அவ்வீட்டில் ஏது? பிறந்த நாளையும் நேரத்தையும் கேட்டுத் தாமே கணித்துப் பார்த்த பின்னரே அப்பெரியவர் அவரை மாணவியாக ஏற்றார். இதனை அம்மையாரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு கதவு மூடப்பட்டபோது அக்குடும்பம் திரும்பிப் போகவில்லை. ஆசிரியரும் தம் தயக்கத்திலேயே நின்றுவிடவில்லை. இருவரும் ஓரடி முன்வந்ததால் நாட்டுக்கு ஒரு கலைஞர் கிடைத்தார்.

1955இல் வெளியான ‘ரோஜுலு மாராயி’ என்னும் தெலுங்குப் படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினார். அந்த ஆட்டம் ஆந்திர நாடெங்கும் பேசப்பட்டது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் தமிழ் மக்கள் அவருடைய ஆட்டத்தைக் கண்டனர். ஐதராபாத்தில் அவரைப் பற்றி அறிந்த குருதத் பம்பாய்க்கு அழைத்தார். ‘சி.ஐ.டி.’ படத்துக்கான ஒப்பந்தம் எழுதப்பட்டது. நம் சமுதாயம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி அப்போதுதான் நடந்தது.

பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றனர். பெயர் நீளமாக இருக்கிறதாம், கவர்ச்சி இல்லையாம். யூசுப் கான் திலீப்குமார் ஆகவில்லையா? மஹ்ஜபீன் மீனாகுமாரி ஆகவில்லையா? மும்தாஜ் ஜெஹான் மதுபாலா ஆகவில்லையா? முன்னுதாரணங்கள் அடுக்கப்பட்டன. அவர்களை நான் குறை கூறவில்லை. காலத்தின் நெருக்கடி அப்படி. ஆனால் பதினெட்டு வயதுகூட நிறையாத, இந்திப் படங்களில் ஒரு காட்சியிலும் தோன்றியிராத, தந்தையை இழந்த ஒரு பெண், பெற்றோர் இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதோடு நில்லாமல், தமக்கு ஒவ்வாத உடையை அணியுமாறு வற்புறுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் செய்தார். அவருக்கு வயது நிரம்பாததால் தாயார் மும்தாஜ் பேகம் கையொப்பமிட்டார்.

ஒழுக்கத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குவோரே, இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் உறுதியாக நிற்பது எளிது. வாழ்வே அந்தக் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது நிபந்தனை விதித்தவர் அவர். அன்று காத்த அந்தப் பெயரே ‘பியாசா’ (1957), ‘காகஜ் கே பூல்’ (1959), ‘சௌத்வீன் கா சாந்த்’ (1960) ஆகிய படங்களின் வழியாக நாடு முழுதும் ஒலித்தது.

இன்னொரு சாராரும் உளர். அவர்கள் அம்மையாரைப் பற்றி எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் குருதத்தின் துயரக் கதையில் ஒரு பாத்திரமாக மட்டுமே எழுதுகிறார்கள். வதந்தியைக் கிளறுவது அவர்களுக்கு வரலாறு. குருதத் 1964இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1962இல் சத்தியஜித் ராயின் ‘அபிஜான்’ என்னும் வங்கப் படத்தில் அம்மையார் நடித்திருந்தார். ‘கைடு’ வந்தது 1965இல். ‘தீஸ்ரீ கசம்’ 1966இல். சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த ‘ரேஷ்மா ஔர் ஷேரா’ வந்தது 1971இல். பத்மஸ்ரீ 1972இல், பத்மபூஷண் 2011இல். இவ்வளவையும் தம் உழைப்பால் ஈட்டிய ஒருவரை இன்னொருவர் வாழ்வின் அடிக்குறிப்பாகச் சுருக்குவது அநீதி அல்லவா?

‘கைடு’ படத்தைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆர்.கே. நாராயணின் நாவலைத் தழுவிய அப்படத்தில் அம்மையார் ஏற்ற பாத்திரம் ரோசி. அவள் தேவதாசி ஒருத்தியின் மகள். கணவனோ தொல்பொருள் ஆய்வாளன். குகைகளிலும் சிற்பங்களிலும் உயிரை வைத்திருப்பவன். கல்லில் செதுக்கிய உருவங்களை நாள் முழுதும் வியந்து நிற்கும் அவன், தன் வீட்டில் உள்ளவள் ஆட விரும்பினால் அருவருக்கிறான்.

மாமல்லபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணவனின் நினைவே வருகிறது. பல்லவச் சிற்பியின் கைவண்ணத்தைக் காண உலகமே வருகிறது, 1984இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, நாமும் பெருமைப்படுகிறோம். ஆண்டுதோறும் அங்கே நாட்டிய விழா எடுக்கிறோம். ஆனால் அந்தக் கற்களிலிருந்து சிறு தொலைவில் பிறந்து, பரதம் பயின்று, பாரதம் முழுதும் பெயர் பெற்ற ஒரு பெண்ணை நினைக்க மறக்கிறோம். கல் ஆடினால் கலை; பெண் ஆடினால் களங்கம் என்னும் அந்தக் கணவனின் நோய் நம்மையும் விடவில்லை.

“அவர் குடும்பம் வீட்டில் உருது பேசிய குடும்பம், எப்படித் தமிழகத்தவர் ஆவார்?” என்றும் கேட்பர். உருது பேசும் முஸ்லிம்கள் இம்மண்ணில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இங்கேயே பிறந்து இங்கேயே அடங்குகின்றனர். மாமல்லபுரம் செல்லும் வழியில் கோவளக் கடற்கரையில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று போற்றப்படும் தர்கா இருக்கிறது. நபித்தோழர் ஒருவர் கடல் கடந்து வந்து இக்கரையில் அடங்கினார் என்று நம்பி, அவரை நம்மவராகப் போற்றும் நாம், இம்மண்ணிலேயே பிறந்த மகளை அயலாள் என்பது எவ்வகையில் பொருந்தும்? தமிழ்த் திரையும் அவருக்கு அயலன்று. 1956இல் தமிழ்ப் படத்தில் ஆடியவர், 62 ஆண்டுகளுக்குப் பின், 2018இல் வெளிவந்த ‘விஸ்வரூபம் 2’ படத்தில் கதைநாயகனின் தாயாகத் தோன்றினார்.

திரைப்படமே வேண்டாம் என்போர் வேண்டாம் என்றே இருக்கட்டும். அது அவர்கள் உரிமை. அங்கே கழிக்கத்தக்கவை பல உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை விரும்பாதிருக்கும் உரிமை, உண்மையை மறைக்கும் உரிமை ஆகிவிடாது.

நான் கேட்பது சிலையன்று, மணிமண்டபமும் அன்று. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய பெயரையும் எழுதட்டும். மாமல்லபுர நாட்டிய விழாவில் ஒரு மாலைப்பொழுதை அவர் பெயரால் நடத்தட்டும். நம் சமுதாயக் கல்வி நிலையங்களில் பயிலும் பெண்பிள்ளைகளுக்கு, ஒப்பந்தத்தின் முன் அமர்ந்து தன் பெயரையும் தன் உடையையும் தானே தீர்மானித்த அந்தப் பதின்பருவப் பெண்ணைப் பற்றி ஆசிரியர் ஒருவராவது சொல்லட்டும். பம்பாய் மாற்றச் சொல்லியும் அவர் விட்டுக்கொடுக்காத பெயரை, பிறந்த ஊரும் பிறந்த சமுதாயமும் வாயால் சொல்லக்கூடத் தயங்குவது நமக்கு அழகன்று.