மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்த பங்கு

உத்திரமேரூர் பக்கம் ஓர் ஏக்கர் பூர்வீக நஞ்சை அண்ணன் தம்பி பெயருக்கு முழுதாகப் போக வேண்டுமானால், கூடப் பிறந்தவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘மனப்பூர்வமாக’, ‘முழு சம்மதத்துடன்’, ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி’ என்பது போன்ற சொற்கள் அதில் தவறாமல் இருக்கும். அவள் வாயிலிருந்து வந்தவை அல்ல அவை. அவள் வருவதற்கு முன்பே பத்திர எழுத்தரின் கணினியில் காத்திருந்தவை; பெயரும் சர்வே எண்ணும் நான்கு எல்லையும்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆசையோடு கொடுத்தவளுக்கும் வேறு வழியில்லாமல் கொடுத்தவளுக்கும் ஒரே வாசகம். எல்லாப் பத்திரத்திலும் இருக்கும் ஒரு சொல், எந்தப் பத்திரத்துக்கும் சாட்சி ஆகாது. விருப்பத்தை எழுதிவைத்தால் போதாது, பதிவு செய்வதற்கு முன் கேட்டறிய வேண்டும் என்கிறேன்.

1989 மார்ச் 25 முதல் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. அதற்கு முன் மணமானவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. திருத்தம் வந்த அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பங்கு இல்லாத காலத்தில் அவளிடம் கையெழுத்து கேட்பாரும் இல்லை. பங்கு வந்த பிறகுதான் பத்திரமும் பேனாவும் அவள் முன்னால் வந்தன. கேட்பவர் அண்ணன். மாட்டேன் என்றால் யாரும் கை ஓங்கப் போவதில்லை. ஆடிச்சீர் நின்றுபோகும், காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இருக்காது, அம்மாவைப் பார்க்கப் போனால் வாசற்படி ஏறத் தயக்கமாக இருக்கும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் ‘தகாத செல்வாக்கு’ என்று பேசுவது இத்தகைய நெருக்குதலையும் மனத்தில் வைத்துத்தான். ஆனால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் முக்கியமாகப் பார்ப்பது, எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பதையே. எதற்காகக் கொடுக்கிறாள் என்பது அந்த மேசைக்கு வருவதே இல்லை.

ஆனால் குற்ற வழக்குகளில் நம் சட்டம் இவ்வளவு வெகுளியாக இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ‘தானாக முன்வந்து’ வாக்குமூலம் கொடுத்தார் என்று காவல்துறை சொன்னால் நீதித்துறை நடுவர் அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே திரும்பலாம் என்று முதலில் விளக்க வேண்டும். கேள்வி கேட்டுத் தானே நம்பிக்கைக்கு வந்த பிறகே பதிவுசெய்ய வேண்டும். அவர் பேச மறுத்தால் மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு, புதிய சட்டத்தின் 183ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. மறுத்தவனுக்குத் தண்டனை வராமல் பார்த்துக்கொண்டால்தான் சம்மதத்துக்கு மதிப்பு என்ற அறிவு சட்டத்துக்கு இருக்கிறது. சகோதரி விஷயத்தில் மட்டும் அது வேலை செய்வதில்லை.

சொல்லை மட்டும் நம்பாத இந்த அறிவு பழையதுதான். அதே உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) இருக்கின்றன. அந்தச் சபை பிராமண நில உடைமையாளர்களுடையது. பெண்ணுக்கு அதில் இடமில்லை. எனவே சமத்துவத்துக்கு அதைச் சான்று காட்டவில்லை. ஆனால் தேர்வு ‘நேர்மையாக’ நடக்க வேண்டும் என்று எழுதியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று யோசித்தவர்களின் எழுத்து அது.

பெரும்பாலான சகோதரிகள் உண்மையாகவே விரும்பித்தானே கொடுக்கிறார்கள், கல்யாணத்துக்குச் செலவழித்தவர் அண்ணன்தானே என்று கேட்பார்கள். இருக்கலாம். அப்படிக் கொடுப்பவள் தனியாகக் கேட்டாலும் அதையே சொல்லப் போகிறாள். இரண்டு நிமிடக் கேள்வியில் அவள் இழப்பது ஒன்றுமில்லை. குடும்ப விஷயத்தில் அரசு மூக்கை நுழைப்பதா என்பது இன்னொரு வாதம். பத்திரத்தைப் பதிவு செய்ய அரசு அலுவலகத்துக்கு வந்ததே குடும்பம்தான். ஏமாந்தவர் நீதிமன்றம் போகலாமே என்பதுதான் கனமான மறுப்பு. எழுத்தறியாத, வெளியுலகம் பழகாத பெண்ணின் பத்திரம் என்றால், படித்துக்காட்டிப் புரியவைத்ததை வாங்கியவரே நிரூபிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே தீர்ப்புகள் உண்டு. ஆனால் பள்ளி இறுதி வரை படித்து, அண்ணன் முகத்துக்காகக் கையெழுத்திட்டவளுக்கு அந்த நிழல் எளிதில் கிடைக்காது. பத்திரத்தை ரத்துசெய்யக் கோர, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு. பொங்கல் வரிசை நின்றுபோகும் என்று பயந்து கையெழுத்துப் போட்டவள் அதற்குள் அண்ணன் மீது வழக்குப் போடுவாள் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை.

பூர்வீகச் சொத்தில் பெண் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு மட்டுமாவது மூன்று மாற்றங்கள் போதும். அவள் பங்கின் பரப்பும் வழிகாட்டி மதிப்பும் ரூபாயில் பத்திரத்திலேயே வர வேண்டும். இரண்டு லட்சமா இருபது லட்சமா என்று தெரியாமல் விட்டுக்கொடுப்பது விட்டுக்கொடுப்பதே அல்ல. பதிலுக்கு என்ன பெற்றாள், அல்லது ஒன்றும் பெறவில்லை என்பதும் வர வேண்டும். பங்காளிகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமலும் வீட்டுக்குப் போகலாம் என்று சார்பதிவாளர் அவளிடம் சொல்லி, அவள் பதிலை அவள் சொன்னபடியே எழுதிச் சேர்க்க வேண்டும். ரேகைக்கும் புகைப்படத்துக்கும் அவள் எப்படியும் அந்த நாற்காலியில் உட்காரத்தான் போகிறாள்.