தொட்டி யார் கணக்கு?

பாதாளச் சாக்கடை எட்டாத சென்னைப் புறநகர்த் தெருக்களில், வாடகை வீட்டின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியதைக் குளியலறைத் தரைதான் முதலில் சொல்லும். சல்லடை வழியே கறுப்புத் தண்ணீர் எதிர்த்து வரும். "புழங்குவது நீங்கள்தானே" என்று வீட்டுக்காரர் கைவிரிப்பார். கழிவை உறிஞ்சும் லாரிச் செலவு குடித்தனக்காரர் தலையில். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ள வேண்டிய கசடில் முன்பு குடியிருந்தவர்களின் பங்கும் உண்டே! தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறவர்கள் தொட்டிக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? தொட்டிச் செலவை உரிமையாளர் ஏற்பதே நியாயம். செலவை மிச்சம்பிடிக்க ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். நச்சுவாயு நொடியில் கொல்லும். உறிஞ்சு லாரிக்கு 14420 எண் இருக்கிறது. அதை வீட்டுவரி ரசீதிலேயே உள்ளாட்சிகள் அச்சிட வேண்டும்.