உழுபவர் கணக்கில் விழட்டும் பசளைக் காசு

பெரும்போக மழை இறங்கிவிட்டால் மாத்தளையின் கலேவல, நாவுல, வில்கமுவப் பக்கமெல்லாம் ஒரே விசாரிப்புத்தான்: "பசளைக் காசு விழுந்திட்டா?" அதை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் யூரியாவைக் கடனுக்கு எடுக்கிறார்கள்.

நெல்லுக்கான பசளை மானியம் நம் நாட்டில் 1962இல் தொடங்கியது. 2005க்குப் பின் 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016இல் மூட்டை போய்க் காசு வந்தது, 2018இல் மறுபடியும் மூட்டை, 500 ரூபாய்க்கு, 2020இல் இலவசம். அடுத்த ஆண்டு மே மாதமே இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடையை நீக்கியும் அந்தப் பெரும்போகம் தப்பவில்லை. இப்போது காசு முறை. 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கான தொகை 15,000இலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது. இரண்டு ஹெக்டேயர்வரை கிடைக்கும். ஏக்கருக்கு ஏறக்குறைய பத்தாயிரம். சிறுவிவசாயிக்கு இது பெரிய கைகொடுப்பு. ஆனால், அது யார் கைக்குப் போகிறது?

கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் பணம். வாய்ப்பேச்சில் ஒரு போகத்துக்கு வயலைக் குத்தகைக்கு எடுத்தவரின் பெயர் அதில் ஏறுவதில்லை. சேற்றில் இறங்குபவர் ஒருவர், காசு பெறுபவர் இன்னொருவர். உரிமையாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புக் கொடுத்த நாளிலிருந்து, பெயரை எழுதவிட்டால் காணியே கைவிட்டுப் போகும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் மோசம். ரத்தோட்ட, எல்கடுவ, உக்குவெலத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட்டு, மரத்தில் மிளகுக்கொடி ஏற்றிப் பிழைக்கும் நம் மக்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மிளகுக்கு நடுகை உதவி தரும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம் மாத்தளையிலேயே உள்ளது. கூப்பிடு தூரத்தில் இருந்தும், காணிக்கு உறுதி இல்லாதவருக்கு அந்த உதவி எட்டாக்கனி. மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் கேட்டவற்றில் காணி உரிமையும் ஒன்று. அந்தக் கோரிக்கை இன்றும் அப்படியே கிடக்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. காணிப் பதிவேட்டைத் தொடாமல், மானியத்துக்கென்றே போகத்துக்கு ஒரு பட்டியல் எழுதலாம். விதைப்புக்கு முன்பே கமநல உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்பும் வயலுக்கு நேரில் போய், இந்தப் போகம் செய்பவர் யார் என்று பார்த்து எழுதட்டும். இந்தப் பட்டியலால் காணி உரிமை மாறாது என்று சட்டத்திலேயே சொல்லிவிட்டால் உரிமையாளரின் பயமும் தீரும். தோட்ட மக்கள் பயிர் செய்யும் துண்டு நிலங்களையும் அதே பட்டியலில் சேர்த்து, அவர்களுக்கான காணி உறுதியைத் தாமதமின்றி வழங்க வேண்டும்.

பணம் விதைப்போடு வரவேண்டும் என்பதும் முக்கியம். பயிர் மஞ்சளித்த பிறகு வரும் காசு கடைக்காரரின் வட்டிக்குத்தான் போகும். மானியம் மக்களின் வரிப்பணம். அது பயிர் செய்பவரைச் சேர வேண்டும் என்று கேட்பது சலுகையல்ல, நியாயம்.