கொறங்காடு தரிசு அன்று

திருப்பூர் மாவட்டத்தைப் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையையும் எடுத்துப் பாருங்கள். பனியனில் தொடங்கிச் சாயக்கழிவில் முடியும். இரண்டும் உண்மைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவட்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் காங்கயம், தாராபுரம் என்னும் பரந்த வட்டங்கள் இரண்டு இருக்கின்றன. அவை 'வறண்ட பகுதி' என்ற இரு சொற்களுக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றன. காங்கயத்துக்காரர் ஒருவர் வீட்டை விட்டு நகராமலே 1979 வரை கோவை மாவட்டத்திலும், பின்னர் பெரியார் மாவட்டத்திலும், அதுவே ஈரோடு என்று பெயர் மாறிய பின் அதிலும், 2009 முதல் திருப்பூரிலும் குடியிருந்திருக்கிறார். பெயர்கள் மாறின. நிலத்தை யாரும் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் சேஸ் கவுண்டி என்றொரு சிறு பகுதி உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே மூவாயிரம் பேர்கூட இல்லை. புல்லும் மாடும் காற்றும்தாம் அதன் சொத்து. அந்த ஒரு கவுண்டியைப் பற்றி மட்டும் வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் 1991-இல் அறுநூறு பக்கங்களைத் தாண்டிய நூலொன்றை எழுதினார். அவர்களின் உயர்புல்வெளியில் பெரும்பகுதி கலப்பைக்குப் பலியாகிவிட்டது. எஞ்சியதில் ஒரு பகுதியை 1996-இல் அதே கவுண்டியில் தேசியக் காப்பிடமாக அறிவித்தார்கள். நாம் பொறாமைப்படுவது காப்பிடத்தைக் கண்டு அன்று, அந்த நூலைக் கண்டு.

நம்மிடமும் ஒரு புல்வெளி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஈடுகொடுத்து, கொங்குக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய மேய்ச்சல் நிலம். கொறங்காடு என்பது அதன் பெயர். இது தானாய் வளர்ந்த காடு அன்று, புறம்போக்கும் அன்று. சில ஏக்கர் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. கிளுவையின் கழியை வெட்டி நட்டால் வேர்பிடித்துவிடும். முள் உண்டு, ஆட்டையும் மாட்டையும் தடுக்கும். வெள்வேலம் நிழல் தரும். அதன் காய் ஆடுகளுக்குத் தீனி. கொழுக்கட்டைப் புல்லோ மாதக்கணக்கில் காய்ந்து செத்தது போலக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். ஒரு காட்டில் மேய்த்து, அடுத்த காட்டுக்கு மாற்றி, முதல் காட்டைப் புல் தேற விட்டுவைப்பார்கள். கோடையில் இவ்வழியே பேருந்தில் செல்பவர் கண்ணுக்கு இது பொட்டல். 'சும்மா கிடக்கிற நிலம்' என்று அவர் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சொல்தான் ஆபத்தானது. சும்மா கிடக்கும் நிலத்துக்குத்தானே மனைப்பிரிவும் காற்றாலையும் சூரிய மின்தகடும் வந்து சேருகின்றன!

இந்தப் புல்லின் பிள்ளைதான் காங்கயம் மாடு. கன்று செந்நிறமாகப் பிறந்து, சில மாதங்களில் நிறம் மாறிச் சாம்பல் படியும். காளையானால் திமிலும் முன்பின் சப்பைகளும் கறுத்து நிற்கும். கவலை இறைக்கவும் பாரவண்டி இழுக்கவும் வளர்க்கப்பட்ட இனம். மின்மோட்டார் கவலையை நிறுத்தியது. டிராக்டர் ஏரை நிறுத்தியது. பாலுக்குக் கலப்பின மாடு வந்தது. 2017-இன் ஏறுதழுவல் போராட்டத்துக்குப் பின்னர் நாட்டு மாட்டின் படம் எல்லார் கைப்பேசியிலும் ஏறியது நல்லதே. படத்துக்குப் புல் தேவையில்லை, மாட்டுக்குத் தேவை. குட்டப்பாளையத்தில் இம்மாட்டினத்துக்கென்றே ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டி மாட்டுச்சந்தை கூடுகிறது. கொறங்காடு போய்விட்டால் இவை காட்சிப்பொருளாகிவிடும் என்பது எம் அச்சம்.

மக்கள் நிலை என்ன? 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்ட மக்கள்தொகை 24,79,052. அதில் ஐந்தில் மூன்று பங்கினர் நகரவாசிகள். மாவட்டச் சராசரியைப் பார்ப்பவருக்கு இது நகர மாவட்டம். ஆனால் சராசரி என்பது பனியன் நகரத்தின் நிழல். அந்நிழலில் மூலனூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இளையவர்கள் ஆலை வேலைக்குப் போகிறார்கள். காங்கயத்தின் அரிசி ஆலைகளிலும் தேங்காய்க் களங்களிலும் வடமாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். மேய்ச்சலுக்கு ஆள் இல்லை என்பது முதியவர்களின் வாடிக்கையான புலம்பல். அதை நாம் பாதிதான் ஏற்கிறோம். அந்தக் காலத்தில் மேய்த்தவர்கள் யார்? பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் வீட்டுச் சிறுவர்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டதனால் ஆள் இல்லையென்றால், அந்தக் குறை நீடூழி வாழ்க. பாரம்பரியம் பேசுகிறவர்கள் பட்டக்காரர்களின் தொழுவத்தை மட்டும் பாடுவதை நிறுத்த வேண்டும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆடு மேய்க்கும் சிறுவர்களை நடுவில் நிறுத்திய நாவல். அது திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கதை என்றாலும், கொறங்காட்டைப் பற்றி எழுதப் புகுகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

(கொடுமணலைப் பற்றி இங்கே எழுதவில்லையே என்று நண்பர்கள் கேட்கலாம். அகழாய்வுக்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். சிவன்மலை உத்தரவுப் பெட்டிக்கோ செய்தித்தாள்கள் இருக்கின்றன. புல்லுக்குத்தான் ஆள் இல்லை.)

இலக்கியம் இந்த மண்ணைக் கைவிட்டதில்லை என்பது ஆறுதல். கீரனூரில் பிறந்த ஆர்.சண்முகசுந்தரம் 1942-இலேயே 'நாகம்மாள்' எழுதிவிட்டார். தமிழின் முதல் வட்டார நாவல் என்று அதைச் சொல்வார்கள். வங்காளத்துச் சிற்றூரைப் பேசும் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கிராமம் ஒன்றின் ஒவ்வொரு வரப்பும் எழுதத் தக்கது என்று அறிந்திருந்தவர். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் நம் கையில் இருக்கிறது. ஆக, மொழி இருக்கிறது, முன்னோடிகளும் இருக்கிறார்கள். ஒரு வட்டத்தை ஊர் ஊராக நடந்து, காடு காடாக எழுதிய நூல்தான் இல்லை.

அதை அரசு செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் வாழும் வாசகர்கள் தத்தம் ஊரின் கொறங்காடுகளை மட்டும் எழுதினால் போதும்: ஒவ்வொரு காட்டுக்கும் ஊரார் வைத்திருக்கும் பெயர், கிளுவை வேலி நின்றிருக்கிறதா அல்லது கம்பிவேலி வந்துவிட்டதா, கடைசியாக யார் மேய்த்தார், எந்த ஆண்டு விற்றார்கள். நிலம் கைமாறிய இடங்களில் பெயர் முதலில் போகிறது. கல்லில் எழுதிய மனை எண் அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.